காலை ஊன்றாதே

நார்வேயின் மேற்குக் கரையில் கார்களை ஏற்றிச் செல்லும் படகை நான் ஓட்டினேன். வண்டிகளை வரிசையாக நிறுத்தவைப்பது குட்னியின் வேலை. அவள் ஓர் அதட்டல் போட்டால் லாரிக்காரர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நான்கு வருடம் முன்பு அவளுக்குப் புற்றுநோய் வந்த ஒரு சிறுநீரகத்தை எடுத்திருந்தார்கள். நோய் தீர்ந்தது என்றே நினைத்திருந்தோம்.

ஒரு அக்டோபரில் அவளுக்கு இடது தொடை வலித்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு நேராக வேலைக்கு வந்துவிட்டாள். படகு நடுக்கடலில் இருந்தபோது டாக்டர் அவளுக்குப் போன் செய்தார்.

"நிக்கிறீங்களா? உடனே உட்காருங்க. அந்தக் காலை ஊணவே கூடாது. நோய் எலும்பை அரிச்சிடுச்சு. லேசா திரும்பினாலே ஒடிஞ்சிடும்."

கார்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தபடி வாக்கிடாக்கியில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஸ்டைனார், என் கால் ஒடிஞ்சிடுமாம். மெதுவா கொண்டுபோய்ச் சேத்துடு. துறையில முட்டினே, உன்னைத் தொலைச்சிடுவேன்."

குரலில் சிரிப்பில்லை. அலை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. துறையைத் தொட நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைத் தூக்கும்வரை படகை அசையாமல் பிடித்திருந்தேன்.

சிறுநீரகத்திலிருந்து பரவிய கட்டியைத் தொட்டால் ரத்தம் கொட்டுமாம். அதனால் முதல் நாள் அதற்குப் போகும் ரத்தக் குழாய்களை அடைத்தார்கள். மறுநாள் அறுவை. இரண்டு மணி நேரம் என்றார்கள், நான்காயிற்று. ஒரு செவிலி ரத்தப் பைகளோடு ஓடினாள். குட்னியின் கணவன் ஆட்வர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் டாக்டர் வந்தார். "ரத்தம் நிறையப் போச்சு. இப்ப நின்னுடுச்சு. கட்டியைச் சுரண்டி எடுத்து, இடுப்புலேருந்து முட்டிவரை கம்பி வெச்சிருக்கோம்."

"நோய் போயிடுச்சா?" என்றான் ஆட்வர்.

"இல்லை. இது அவங்க நடக்கறதுக்கு மட்டும்தான்."

அறுவை முடிந்த இரண்டாம் நாள், நடக்கப் பழக்கும் பயிற்சியாளர் வந்து அவளை எழுப்பி நிறுத்தினார். லாரிக்காரர்களை நடுங்கவைத்தவள் கட்டிலைப் பிடித்த பிடியை விடவில்லை.

"ஒடிஞ்சா?"

"கம்பி தாங்கும். அழுத்தி மிதிங்க."

"நீ மிதிச்சுப் பாரேன்!" என்று அந்தப் பயிற்சியாளரிடம் சீறினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாதத்தை வைத்தாள். முகமெல்லாம் வேர்வை. ஒடியவில்லை. ஆட்வர் அப்போதுதான் அழுதான்.

கதிர்வீச்சு, மாத்திரை என்று இரண்டு கோடைகள் போயின. வேலைக்குத் திரும்பவில்லை. ஆனால் சாவதற்கு முந்தைய கடைசி மூன்று வாரம் தவிர, கழிப்பறைக்கும் கடைக்கும் தன் காலாலேயே போய் வந்தாள்.