அரை டாக்டரின் மாத்திரை

மருந்துக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் அரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். போகப் போக அவரே அதை நம்பிவிட்டார். மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு விடமாட்டார், ஆளை நிற்கவைத்து விசாரிப்பார். “வலது விலாவுக்குக் கீழ வலியா? முதுகுக்கும் தோளுக்கும் ஏறுதா? பித்தப்பைக் கல்லா இருக்கும், ஸ்கேன் எடுங்க. கூடவே காய்ச்சல் வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ ஒரு நிமிஷம் நிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.” இப்படி அவர் துரத்திவிட்டதால் பிழைத்தவர்கள் அந்தத் தெருவில் மூன்று பேர்.

அவர் மனைவிக்கு ஒன்றரை வருடமாக அதே இடத்தில் அதே வலி. பொரித்ததைத் தின்றால் போதும், இரண்டு மணி நேரம் சுருண்டு கிடப்பாள். “கேஸ்தான், ஒண்ணுமில்ல” என்பார் அரை டாக்டர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை வரும். கல் நகர்ந்து வழிவிட்டால் வலி தானாகவே அடங்கும்; நல்ல பெயர் மட்டும் மாத்திரைக்குப் போனது. “எங்க வீட்டுக்காரரு கைராசி அப்படி” என்று அவள் அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்வாள். கடைக்கு வந்தவர்களைக் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அந்த மனுஷன் வீட்டில் கேட்கவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அந்த வெயிலிலும் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. இருமல் மருந்துக்கு நின்றிருந்த தையல்காரர்தான் கவனித்தார்.

“என்ன அரை டாக்டரே, அம்மாவுக்குக் கண்ணெல்லாம் இப்படி மஞ்சளா இருக்கு?”

அப்போதுதான் அவர் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வண்டி பிடித்தார்.

“கல்லு குழாயை அடைச்சிருக்கு. சீழ் பிடிச்சு ரத்தம் வரைக்கும் ஏறிடுச்சு” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். “ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும். இத்தனை நாள் என்ன பண்ணீங்க?”

மனைவிதான் முந்திக்கொண்டாள். “இவரு மாத்திரை குடுப்பாரு டாக்டர். உடனே கேட்கும்.”

அடைப்பை எடுக்க அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னங்க, பையில மாத்திரை இருக்கா? ஒண்ணு குடுங்களேன். இவங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?”

இருந்தது. அவர் பையைப் பொத்திக்கொண்டு “இல்லம்மா” என்றார்.

மறுநாள் காலை அவள் போய்விட்டாள். அவரிடம் அவள் கடைசியாகக் கேட்டது அந்த மாத்திரையைத்தான்.