ஊளைச்சதைச் சூரணம்

பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்த உமாபதிக்கு நாற்பதை நெருங்கும்போது தொந்தி விழுந்தது. குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்தால், நெய்த சேலையைச் சுற்றும் மரம் வயிற்றில் இடிக்கும். கொஞ்சம் குனிந்தாலே மூச்சு வாங்கும். வியர்வை பட்டில் சொட்டிவிடக் கூடாதே என்று தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். தெருவில் போனால், "இன்னாபா, எத்தினி மாசம்?" என்று கேட்பார்கள். அவனும் சிரித்துவைப்பான். வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றக் கூசுவான்.

அறுபத்தொன்பதாம் வருஷம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீரபாகு என்பவன் தகர டப்பாக்களை அடுக்கிக் கடை போட்டான். ஊளைச்சதையைக் கரைக்கும் சூரணம் என்றான்.

"எல்லாம் மூலிகைபா. கொள்ளு, கடுக்காய், நத்தைச்சூரி. தழையில இன்னா கெடுதல் வந்துடப் போவுது?"

உமாபதி வாங்கிவந்து வெந்நீரில் கலக்கினான். பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் போல இருந்தது. வாயில் வைத்தால் கொழகொழவென்று தொண்டையில் ஒட்டிக்கொண்டு குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

கொஞ்ச நாளில் வயிறு கழிய ஆரம்பித்தது. தறியை விட்டுக் கொல்லைக்கு ஓடுவதே வேலையாகிவிட்டது. ஒருமுறை குழியை விட்டு எழுவதற்குள் வேட்டி நனைந்துபோனது. தன் நாற்றம் தனக்கே பொறுக்காமல் கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"அந்தக் கண்றாவியத் தூக்கிப் போடுங்க. மூஞ்சி வெளுத்துக்கினு வருது" என்றாள் மனைவி கமலாட்சி.

"கெட்ட நீர் எறங்குதுன்னு சொல்றான்."

கெட்ட நீரோ நல்ல நீரோ, இறங்கிக்கொண்டே இருந்தது. கன்னம் ஒட்டிவிட்டது. வயிற்றுத் தோல் காலிப் பை போலத் தொங்கியது. ஊடை இழையை ஓட்டும் நாடாவை எறியக் கையில் வலுவில்லை. கேலி செய்தவர்களோ இப்போது, "எளைச்சி ஆளே அழகாயிட்டியேபா" என்றார்கள். சுவரைப் பிடிக்காமல் எழ முடியாதவனிடம் என்ன அழகைக் கண்டார்களோ, அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பங்குனித் திருவிழாவன்று வீரபாகு அவனைக் கடைக்குக் கூப்பிட்டான். "சும்மா பக்கத்துல நில்லு, போதும்."

நம்பிப் போய் நின்றான். கூட்டம் சேர்ந்ததும் வீரபாகு அவன் சட்டையைக் கழற்றி, தொங்கிய தோலை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினான். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த விரல்களில் அதே மருந்து வாடை. உமாபதிக்கு உடம்பெல்லாம் கூசியது.

முன்னால் ஒரு தாய், பக்கத்தில் பூசினாற்போல ஒரு மகள். "பொண்ணு பாக்க வர்றவங்கல்லாம் குண்டுன்னு சொல்லிட்டுப் போறாங்க" என்றபடி தாய் டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

"வாங்காதீங்கம்மா" என்றான் உமாபதி. "இது சதையக் கரைக்கல. எனக்குப் பேதி நிக்கவே இல்ல. ரத்தமா போவுது."

வீரபாகு அவனை இடித்துத் தள்ளினான். அந்த அம்மாள் உமாபதியை மேலும் கீழும் பார்த்தாள்.

"போனாப் போவுது. எளைச்சிட்ட இல்ல?"

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தான். கறுப்புத் தண்ணீரில் பச்சைத் தூள் நுரைத்தது. அவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் சட்டையில்லாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மகள்தான் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாம்மா. எனக்குப் பசிக்குது."

மறுநாளே கமலாட்சி அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஊசியும் கஞ்சியுமாகக் கிடந்து தேறினான். சதையும் மெல்லத் திரும்பியது. அடுத்த திருவிழாவில் அந்தப் பக்கம் போனபோது, வீரபாகு கடையில் வேறு யாரோ ஒருவன் சட்டையில்லாமல், கண் குழிந்து நின்றிருந்தான். டப்பாவுக்கு நீளும் கைகள் போன வருஷத்தைவிட அதிகமாக இருந்தன. உமாபதி காறித் துப்பிவிட்டு நடந்தான்.