பீரோ நிழல்

வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் கனமில்லாத சுவர்தான். அந்தப் பக்கம் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். கணவர் போன பிறகு இந்தப் பக்கம் நானும் மகளும். வைஃபை மட்டும் பொது. ரவுட்டர் அவர்கள் கூடத்தில் அந்த நடுச்சுவரிலேயே இருந்தது, எங்களுக்கும் எடுத்தது.

மகள் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். அவர்கள் மகனுக்கு வேலை அமையவில்லை. தை பிறந்ததும் எங்கள் லைன் பேச்சுக்கு நடுவே அறுந்து அறுந்து போனது. "இப்படியே இருந்தா இங்க வந்துருங்க" என்றார் மகளின் மேலதிகாரி. அவளும் போய்விட்டால் நான் தனி.

நான் எட்டாவதோடு நின்றவள். லைன் அறுவதற்குக் காரணம் மழையா, மாடித் தண்ணீர்த் தொட்டியா என்று எதை எதையோ நினைத்துப் பயந்தேன். செல்லில் எங்கள் வைஃபை இரண்டு பெயராகத் தெரியும். ஒன்றின் வாலில் 5ஜி. பெரிசுதானே நல்லது என்று மகளிடம் அதைப் போடச் சொன்னேன். இன்னும் மோசம்.

"அது வேகம்மா. ஆனா செவுரு தாண்ட மாட்டேங்குது."

சோற்றுக்கு வெஞ்சனம் கொடுக்கிற சாக்கில் செல்லோடு அந்தப் பக்கம் போனேன். கூடத்தில் சிக்னல் கோடு முழுசாக நின்றது. ரவுட்டர் எதிர்மூலையில். அது இருந்த நடுச்சுவரை மறைத்துக்கொண்டு கண்ணாடி வைத்த இரும்பு பீரோ.

"அக்கா, இடம் மாத்திட்டீகளா?"

"வாஸ்துக்கு புள்ள. காத்துல வர்றதுதான? ஒங்க பக்கம் காத்தே இல்லையாக்கும்?"

கணவரின் அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

மகளிடம் சொன்னேன். "அதாம்மா. லைட்டு மாதிரிதான் அதுவும். பீரோ நிழல் நம்ம மேல விழுகுது."

செல் நெட் எங்கள் சந்தில் எப்போதும் எடுக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தனி லைன் போடக் கேட்டோம். கம்பி அவர்கள் பக்கமாகத்தான் வர வேண்டும். "எங்க செவுத்துல ஓட்டை போடக் கூடாது" என்றுவிட்டார் அண்ணன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மகளைச் சென்னை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே சுவருக்கு அந்தப் பக்கம் பீரோவை இழுக்கும் சத்தம் கேட்டது.

இப்போது என் செல்லில் கோடு முழுசாக நிற்கிறது. வீடியோவில் மகள் முகம் அவ்வளவு தெளிவு. கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதுகூடத் தெரிகிறது.

"இப்ப எடுக்குதா புள்ள?" அக்கா சுவர் வழியாகக் கேட்டாள்.

"எடுக்குதுக்கா" என்றேன்.