வாளியோடு வந்தால் திறக்கும் கதவு

சென்ற மாதம் குன்னூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, 'இங்கே எல்லோரும் சமம்' என்று அறிவித்தது. அன்றைக்கு நல்ல மழை. அதனால் எல்லோரும் வரவில்லை.

நான் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியாது. அந்த அறிவிப்பின் தமிழ் வடிவம் என்னுடையது. உங்களோடு இந்தப் பக்கத்தில் வம்பளப்பது வாரத்துக்கு ஒருநாள் வேலை. மற்ற நாட்களில் ஊட்டி பெர்ன்ஹில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு. மிக்ஸி கையேடு, பாங்க் கடிதம், இருமல் மருந்து விளம்பரம்... எது வந்தாலும் தமிழாக்கிவிடுவேன். ஆனால் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இந்த 'இன்க்ளூஷன் பாலிசி' படுத்திய பாட்டை எந்த மிக்ஸியும் படுத்தியதில்லை.

அதில் 'அன்கான்ஷியஸ் பயஸ்' என்று ஒரு சொல். முதலில், 'நினைவிழந்த நிலையில் காட்டும் பாரபட்சம்' என்று எழுதிப் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டரில் நடக்கிற விஷயம் போல இருந்தது. அடித்துவிட்டு, 'அறியாமல் செய்யும் ஓரவஞ்சனை' என்று போட்டேன். உடனே அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். திவ்யாவிடமிருந்து போன்.

"மேடம், ஓரவஞ்சனைன்னா மாமியார் மருமகள் சீரியல் மாதிரி இருக்கு. கொஞ்சம் கார்ப்பரேட்டா வேற வார்த்தை இல்லையா?"

குடும்ப ஓரவஞ்சனை, கார்ப்பரேட் ஓரவஞ்சனை என்று தனித்தனியாகவா விற்கிறார்கள்?

பேச்சோடு பேச்சாக நானும் ஒரு சந்தேகம் கேட்டேன். "உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே திவ்யா... தமிழ் யாருக்கு?"

"ஒவ்வொரு பிராஞ்சும் உள்ளூர் மொழியில போடணும்னு ஹெட் ஆபீஸ் ஆர்டர் மேடம். படிக்கறதுக்கு இல்ல... இருக்கறதுக்கு."

இருப்பதற்காக எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஆபீஸ், பழைய தேயிலைக் கம்பெனிக் கட்டடம் ஒன்றின் மாடியில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்குத்தான மேடு ஏற வேண்டும். நான் குடையும் மூச்சிரைப்புமாக உள்ளே நுழைந்தபோது பிராஞ்ச் தலைவர் விவேக் வாசலிலேயே நின்றிருந்தார். சென்னைக்காரர். குன்னூருக்கு வந்து வருஷங்கள் ஆகியும் மஃப்ளரைக் கழற்றாதவர். நல்ல மனிதர். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்... பாதியில் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

விழா என்றால் பெரிய திரை. திரையில் வெளிநாட்டிலிருந்து 'உலகளாவிய இன்க்ளூஷன் தலைவி'யான ஓர் அம்மையார். பக்கத்துச் சின்னச் சின்னக் கட்டங்களில் மற்ற ஊர் பிராஞ்சுகள். எல்லாக் கட்டங்களிலும் கூட்டம். நம் கட்டத்தில் மட்டும் காலி நாற்காலிகள்! என் பஸ் தாண்டி வந்தபின் ஊட்டி ரோட்டில் மரம் விழுந்ததில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை.

விவேக் பதறினார். "திவ்யா, சேரெல்லாம் காலியாத் தெரியுது. யாரையாவது உட்கார வைங்க!"

அப்படித்தான் டிரைவர்கள் வந்தார்கள். கேன்டீன்காரர்கள் வந்தார்கள். பெருக்கித் துடைக்கும் பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு டி-ஷர்ட், நெஞ்சில் 'எல்லோரும் நம்மவர்'. ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் அந்த அறையில் பன்முகத்தன்மை ததும்பி வழிந்தது.

முன்வரிசையில், கேமராவுக்கு நேராக, புஷ்பா. நாற்பது வயதிருக்கும். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து இந்த ஆபீஸைச் சுத்தம் செய்கிறவர். திவ்யா கொடுத்த என் தமிழ்ப் பாலிசித் தாளை மற்றவர்கள் விசிறியாக மடித்துக்கொண்டார்கள்... குன்னூர் குளிரில் விசிறி எதற்கோ! புஷ்பா மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாசகி!

அம்மையார் பேசினார். விவேக் பேசினார். 'யாருக்காவது கேள்வி உண்டா?' என்று சம்பிரதாயமாகக் கேட்டார். புஷ்பா எழுந்தார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேட்டுக்கலாமுங்களா?"

"தாராளமா கேளுங்க புஷ்பா."

"இங்க வேலை செய்யற ஒவ்வொருத்தருக்கும் எல்லா வசதியும் சமமாக் கெடைக்கும்னு போட்டிருக்குதுங்க. நெசமுங்களா?"

"நிச்சயமா!" கேமராவைப் பார்த்துச் சிரித்தார் விவேக்.

"அப்ப இங்கத்த பாத்ரூமுக்கு நாங்களும் போலாமுங்களா?"



"இப்ப போறதில்லையா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

புஷ்பா என் பக்கம் திரும்பினார். "வாளி, மாப்போட போனா செக்யூரிட்டி அண்ணன் தொறந்து உடுவாருங்க. வெறுங்கையோட போனா எங்க கார்டுக்குச் செவப்பு லைட்டுதான் எரியும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எறங்கிப் போயித்தான் வரோணுமுங்க. இந்த மழையில, இந்த மேட்டுல..." முடிக்காமல் சிரித்தார். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்ததென்று தெரியவில்லை.

விவேக் திவ்யாவைப் பார்த்தார். திவ்யா என்னைப் பார்த்தார்.

"மேடம்," குரலைத் தாழ்த்தினார் திவ்யா. "இங்கிலீஷ்ல 'எம்ப்ளாயீ'ன்னுதான் இருக்கு. இவங்கல்லாம் கான்ட்ராக்ட். எம்ப்ளாயீ கிடையாது. தமிழ்ல தப்பாயிடுச்சு."

"எம்ப்ளாயீ இல்லாதவங்களும் இங்க வேலை செய்யறாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலையேம்மா!"

அதற்குள் திரையில் அம்மையாருக்கு ஆவல். அந்தப் பெண்மணி என்ன கேட்கிறார் என்று அன்பொழுக விசாரித்தார். தமிழ் தெரியாதவர். தெரிந்தவர்கள் அறை நிறைய இருந்தோம். எல்லோரும் விவேக்கைப் பார்த்தோம்.

விவேக் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்தப் பாலிசி வந்ததில் தனக்கு மிகவும் சந்தோஷம் என்கிறார்."

அம்மையார் நெஞ்சில் கைவைத்து உருகினார். கைதட்டினார். எல்லாக் கட்டங்களிலும் கைதட்டினார்கள்.

புஷ்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கைதட்டல் தெரியும். கேட்டதற்குச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"ரொம்ப நன்றிங்க சார்," என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று பாத்ரூமுக்குப் போய்விட்டார்!

கதவு, அறைக்கு வெளியே வராந்தாவில்தான். கார்டைக் காட்டும் சத்தம் கேட்டது. பீப். மறுபடி பீப். கொஞ்சம் இடைவெளி... கார்டைத் துடைத்திருப்பார் போல. மறுபடியும் பீப்.

அது என்ன சத்தம் என்று அம்மையார் கேட்டார். மொழிபெயர்த்தே பிழைப்பு நடத்துகிறவள் நானும் அங்கேதான் இருந்தேன். என் கண்ணெதிரே ஒரு கேள்வி தலைகீழாக மொழிபெயர்க்கப்பட்டது. நான் டீ கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பீப் வந்தபோது நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. விவேக். மைக்கை வைத்துவிட்டு வெளியே போனார்.

"இருங்க புஷ்பா," என்ற குரல். தன் கார்டைக் காட்டினார் போலிருக்கிறது. 'டிங்' என்று வேறொரு சத்தம்.

திரும்பி வந்தவர் நேராகக் கேமராவின் முன்னால் நின்றார். சற்றுமுன் தான் சொன்ன மொழிபெயர்ப்பு தவறு என்றார். தான் கழுவும் கழிப்பறையைத் தானும் பயன்படுத்தலாமா என்பதுதான் புஷ்பா கேட்ட கேள்வி என்றார். "இதுவரை முடியாமல்தான் இருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்து வைத்திருப்பது என் வேலை. தெரிந்த பிறகும் உங்களிடம் பொய் சொன்னேன். மன்னிக்க வேண்டும்."

அம்மையார் அசையவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்தோம். நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த அமைதிக்குள் புஷ்பா திரும்பி வந்து, ஈரக் கையை 'எல்லோரும் நம்மவர்' மீது துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "சுடுதண்ணி வருது புள்ள!" என்றார். அது அத்தனை கட்டங்களுக்கும் கேட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் கான்ட்ராக்ட் ஆட்களின் கார்டுகளெல்லாம் பச்சை லைட்டுக்கு மாறின. பெரிய வேலையா? கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை நாளாக அந்த டிக்கை அடிக்கச் சொல்ல ஆள் இல்லை.

அடித்த பிறகு கேட்க ஏகப்பட்ட ஆள்! ஆள் அனுப்பும் ஏஜென்சி, எங்கள் ஆட்கள் உங்கள் வசதிகளைப் பயன்படுத்துவது ஒப்பந்தத்தில் இல்லையே என்றது. ஹெட் ஆபீஸ் பாதுகாப்புப் பிரிவு, இந்த மாற்றத்துக்கு யார் அனுமதி கொடுத்தது என்று மெயில் அனுப்பியது. விவேக்கின் பதில் ஒரே வரி: 'நான்தான்.'

போன வாரம் போனில் பேசினார். "இந்த வருஷம் ப்ரமோஷன் இல்லைன்னுட்டாங்க மேடம். பிராசஸை மீறிட்டேனாம்."

"வருத்தமா?"

"இருக்கு மேடம். இல்லைன்னு சொன்னா அதுவும் தப்பான மொழிபெயர்ப்பு."

ஏர்போர்ட் புத்தகக் கடைகளில் லீடர்ஷிப் பற்றி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொலைநோக்கு, துணிச்சல், விடியற்காலையில் எழுவது எப்படி... எதிலாவது பாத்ரூம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. தன் ஆபீஸில் யாருக்கு எந்தக் கதவு திறக்காது என்று தெரியாத தலைவர், விடியற்காலையில் எழுந்து என்ன செய்யப்போகிறார்?

கம்பெனியின் மாதப் பத்திரிகையில் இது வெற்றிக் கதையாக வந்துவிட்டது. 'கதவுகளைத் திறக்கிறோம்' என்று தலைப்பு. முழுப் பக்கத்துக்குக் கதவின் படம். புஷ்பா இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களின் படத்தைப் போட அனுமதி கிடையாதாம்!

ஆனாலும் ஒரு நல்ல சேதி. ஆங்கிலப் பாலிசியைத் திருத்திவிட்டார்கள். 'எம்ப்ளாயீ' போய், 'இங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரும்' வந்துவிட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக என் தமிழைப் பார்த்து ஆங்கிலம் எழுதியிருக்கிறார்கள்! கீழே மட்டும் பொடி எழுத்தில், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று தொடங்கி வக்கீல்கள் முக்கால் பக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறார்களாம். அதையும் தமிழாக்கிக் கொடுக்கச் சொல்லி எனக்கு மெயில் வந்திருக்கிறது.

கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த மெயிலைத்தான் நான் இன்னும் திறக்கவில்லை.