பேடு கட்டிக்கொண்டு வந்து இறங்கிய பன்னீர்

மங்கலம்பேட்டையில் ஒரு கடைக்காரரிடம் பெயிண்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் அணியில் ஆடிய ஷாகுல் போன் செய்தான். "மச்சான், பன்னீர் தவறிட்டான். நெஞ்சு வலிக்குதுன்னு நின்னுகிட்டே சொன்னானாம்." நின்றுகொண்டுதான் சொல்லியிருப்பான். அவன் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கடலூர் வரும்வரை எனக்கும் சீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

நம் அணியில் ஆடியவர்களுக்கு அவனைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் லீக்கில் கடலூர் அணியின் கேப்டன். நான் பெயிண்ட் வியாபாரி, எனக்கு ஆடத் தெரியாது. வேனும் சாப்பாடும் என் பொறுப்பு. அதனால் வாயும் கொஞ்சம் ஜாஸ்தி.

2008இல் புள்ளிப் பட்டியலில் நாங்கள்தான் முதலில் இருந்தோம். மழையில் நம்மூர் மைதானம் குளமாகிவிட, மிச்ச ஆட்டமெல்லாம் சிதம்பரத்துக்கு மாறியது. அங்கே போனதும் வரிசையாகத் தோற்றோம். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. நம் பையன்களில் நான்கு பேர் கிறிஸ்தவர்கள். சர்ச்சில் காலைப் பூசை முடிந்துதான் கிளம்புவார்கள். உள்ளூர் ஆட்டத்தில் அது பிரச்சினை இல்லை. சிதம்பரத்தில் அவர்கள் வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். அதுவரை ஏழு பேர் ஃபீல்டிங். எதிரணி அடித்துத் தள்ளிவிடும். சாமி விஷயம், எப்படிச் சொல்வது என்று எல்லோருக்கும் கூச்சம்.

நான் சொன்னேன்: "நாலு பேரையும் மாத்திடு."

"உன் கடையில லேட்டா வர்ற லாரிய வேணாம்னு திருப்பி அனுப்புவியா? வாய மூடிக்கிட்டு வா," என்றான் பன்னீர்.

நேரே பவுலர் அந்தோணியின் அம்மாவிடம் போனோம். மற்ற மூன்று வீடுகளும் அந்த அம்மா சொல்வதைத்தான் கேட்கும்.

"அத்த, சனிக்கெழம சாயங்காலப் பூசைக்குப் போனாலும் ஞாயித்துக்கெழம கணக்குதானாம். ஃபாதரையே கேட்டுட்டேன்," என்றான் பன்னீர்.

"ஃபாதர் சொல்லுவாரு. இவன் கோயிலுக்குப் போனானா, சினிமாவுக்குப் போனானான்னு யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன். நாலு பேரையும் பூசை பாக்க வெக்காம மைதானத்துல எறக்க மாட்டேன். போதுமா?"

"நீயா? ஒனக்குப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கவே நேரமில்லையேடா!"

சொன்னபடியே சனிக்கிழமைகளில் அந்த நால்வருக்கும் நடுவில் போய் இருந்தான். எல்லோரும் முழந்தாளிடும்போது இவன் எழுந்து நிற்பான். பிரசங்கத்தின் நடுவே வெளியே போய் மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்துவிட்டு வருவான். ஆனால் பதினொரு பேரும் ஒரே வேனில் சிதம்பரம் போனோம். அடுத்த ஆட்டங்களை ஜெயித்தோம். கடைசி ஆட்டம், முதலிடத்தில் இருந்த சிதம்பரம் அணியோடு. ஜெயித்தால் கோப்பை.

அந்தச் சனிக்கிழமை பூசை நடக்கவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று ஃபாதர் போய்விட்டார். "ஒரு வாரந்தானண்ணே, அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றான் அந்தோணி. நானும் அதையேதான் சொன்னேன். பன்னீர் கோயில் வாசலில் மேலும் கீழும் நடந்தான். "வாக்கு குடுத்தது நான். காலையில பூசை பாத்துட்டுதான் வரணும். நானும் இவங்களோட இருந்து கூட்டிட்டு வர்றேன்."

"கேப்டனும் இல்லாமலா? ஆறு பேர வெச்சிகிட்டு நான் என்னடா பண்றது?"

"டாஸ் ஜெயிச்சா பேட்டிங் எடு. நாங்க வர்ற வரைக்கும் அவுட் ஆவாதீங்க."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். டாஸ் ஜெயித்தோம். ஆறு பேரோடு தொடங்கினோம். ஷாகுல் ஒரு பக்கம் கட்டையைப் போட்டு நின்றான். மறுபக்கம் விக்கெட் விழுந்துகொண்டே இருந்தது. எதிரணிக்காரன் ஒருவன், "என்ன முதலாளி, மீதிப் பேரு நேந்துக்கப் போயிருக்காங்களா?" என்று கேட்டான். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு விக்கெட், அதற்குள் யாரும் வராவிட்டால் கதை முடிந்தது.

அப்போதுதான், எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போன வேன் வந்தது. படிக்கட்டில் தொங்கியபடி பன்னீர். புவனகிரி தாண்டும்போதே காலில் பேடு கட்டிக்கொண்டானாம். வேன் நிற்பதற்குள் குதித்தான். அடுத்த ஓவரிலேயே விக்கெட் விழ, அதே வேகத்தில் உள்ளே போனான். பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை, ஆனால் ஷாகுலோடு ரொம்ப நேரம் நின்றான். பிறகு அந்தோணி பந்து போட்டான். நூலிழையில் ஜெயித்தோம்.

திரும்பும்போது எல்லோரும் பாட, எனக்குக் கோபம் அடங்கவில்லை. "தோத்திருந்தா?" என்று கேட்டேன்.

"தோத்திருந்தா அடுத்த வருஷம் ஆடுவோம். அந்தம்மா மூஞ்சியில எந்த வருஷம் முழிக்கிறது?"

நான் கையிலிருந்த சரக்கைக் காட்டி மட்டும் மேலே வந்தவன் இல்லை. இல்லாத சரக்கை "நாளைக்கு வந்துடும்" என்று சொல்லிச் சொல்லியும் வந்தவன். இப்போது அதைச் சொல்லப் போனால், அன்று வேனில் அவன் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. நாளைக்கு வராது என்று சொல்லிவிடுகிறேன். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகிறவர்களைப் பார்க்கும்போது பன்னீர் மேல் எரிச்சல்தான் வருகிறது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த எரிச்சல். இதை விடுகிற எண்ணம் இல்லை.