சேவியர் அண்ணன் கேட்காத ஐந்து நிமிடம்

செய்தி வந்தபோது வெள்ளவத்தையில் பஸ்சுக்காக நின்றிருந்தேன். சட்டத்தரணி சேவியர் அண்ணனின் மனைவிதான் பேசினார். "தம்பி, அவர் போயிட்டார். வழக்குள்ள நாளில உங்களுக்கு ஃபோன் எடுக்கக்கூடாதெண்டு சொல்லுவார். இண்டைக்கு எடுத்திட்டன்."

புதுக்கடை நீதிமன்றத்தில் என்னைப்போல அவரோடு வேலை செய்தவர்கள் அவருடைய பெரிய தண்ணீர்ப் போத்தலை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் ஒரு பிறவி நோய். முடிக்கும் நகத்துக்கும் உறுதி தருவது சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். அது இரண்டிரண்டாகச் சேர்ந்தால் சிஸ்டின். மற்றவர்களின் சிறுநீரகம் அதை இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். பிறவியிலேயே அவருடையது அனுப்பாது. சிறுநீரில் தேங்கிக் கல்லாகும். ஓயாமல் தண்ணீர் குடிப்பதுதான் முதல் வைத்தியம். வழுக்கையைத் தடவிக்கொண்டு சொல்வார்: "தலையில நிக்கவேண்டிய சாமான் இடுப்பில போய் நிக்குது, ஐசே."

ஆனால் வழக்குள்ள நாட்களில் பின்னேரம் வரை அந்தப் போத்தலின் மூடி திறக்காது. முன்பொருமுறை அவர் கழிவறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளி ஒருவர் பேச ஆளில்லாமல் கூண்டில் நின்றார். பிணை கிடைக்கவில்லை. அடுத்த தவணைத் திகதி வரை மறியற்சிறையில் இருந்தார். அதன் பிறகுதான் இந்த விரதம்.

"நீதவானிட்டச் சொல்லிப்போட்டுப் போங்கோவன் அண்ணன்," என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"மூத்திரம் வருது எண்டு கோட்டில எழும்பிச் சொல்லச் சொல்லுறீரோ? கல்லு வந்தா எனக்குத்தான் நோகும். நான் வெளியில நிண்டா அவன் உள்ள போயிடுவான்."

அந்த வெட்கத்தின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கல்லுக்கு மேல் கல்லாக வந்து, கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு கட்டிலில் கிடந்தபோதும் என்னிடம், "கிருலப்பனையில இருக்கிற அந்த அம்மாவின்ர வீட்டு வழக்கை விட்டிடாதேயும்," என்றுதான் சொன்னார்.

அந்த வழக்கை நான் எடுத்துக்கொண்டேன். போன கிழமை கூப்பிடும் நேரம் நெருங்கியபோது அந்த அம்மா என் காதருகே வந்து, வெளியே போகவேண்டும் என்று கூச்சத்தோடு சொன்னார். எழுந்து நின்று ஐந்து நிமிடம் கேட்டேன். நீதவான் கோப்பிலிருந்து தலை நிமிர்த்தாமலே, "போய்வரட்டும்," என்றார்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்த வழக்கும், அவர் கேட்காததால் நான் பழகிக்கொண்ட, எழுந்து கேட்கும் இந்தப் பழக்கமும். ஊராருக்கெல்லாம் தவணை கேட்டவர் தனக்காக இந்த ஐந்து நிமிடத்தை ஒருநாளும் கேட்கவில்லையே, அண்ணன் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்களே என்று, அந்த அம்மா திரும்பி வரும்வரை நின்றபடியே நினைத்துக்கொண்டிருந்தேன்.