சரஸ்வதி முன்னால் சர்வர்

மண்ணூர் பகலவன் எங்கள் ஒரகடம் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கிறான். பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். அவன் பொறுப்பில் 2003-ஆம் வருஷத்து விண்டோஸ் ஓடும் ஒரு சர்வர் இருக்கிறது. செய்தவர்களே எப்போதோ கைகழுவிய பதிப்பு. ஆனால் நாங்கள் அனுப்பும் கார் பாகங்களுக்கு லேபிள் அடிக்கும் புரோகிராம் அதில் மட்டும்தான் ஓடும். லேபிள் இல்லாத சரக்கைக் கார் கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடாது. அதனால் பகலவனுக்கு லீவே கிடையாது. கல்யாணத்துக்கு மறுநாளே டூட்டிக்கு வந்த புண்ணியவான். அவன் மனைவி ஷாரோன் அந்த சர்வரை மூத்த தாரம் என்பாள்.

இந்த ஆயுத பூஜை ராத்திரி ஊட்டி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று. "இந்த வாட்டியும் ஏமாத்துனா எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்" என்றிருந்தாள் ஷாரோன். சொன்னால் செய்கிறவள்.

பூஜைக்குக் குடும்பத்தோடு வருவது எங்கள் வழக்கம். அவள் ஊட்டிக்கான பையோடு வந்துவிட்டாள். புது மேனேஜர் ஸ்ரீவத்ஸன் பெரிய பக்திமான். எல்லா மெஷினும் ஓய்வெடுக்க வேண்டுமாம். பகலவன் பொரி வாங்கப் போன நேரத்தில் சர்வரை அணைத்து, கீபோர்டைப் பிடுங்கி, கேண்டீனில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பானர்களோடு வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டார்.

சாயங்கால லோடுக்கு லேபிள் வேண்டும். பகலவன் சர்வரை ஆன் செய்தான். கீபோர்டு இல்லை, எஃப் ஒன் அழுத்தவும் என்று நின்றுவிட்டது. இல்லாத கீபோர்டில் எதை அழுத்துவது? அந்தக் கிழத்துக்கு இப்போதைய கீபோர்டு எதுவும் சேராது.

"அதக் குடுங்க சார்" என்றான்.

"பூஜையில வெச்சதை நாளைக்கு மறுபூஜை ஆகாம நகர்த்தப்படாதுப்பா."

பகலவன் முகம் தொங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

ஷாரோன் எழுந்து வந்தாள். "இன்னா சார், கீபோர்டைத்தான நகத்தக் கூடாது? சர்வரை இங்க தூக்கினு வரலாம்ல?"

மேனேஜர் யோசித்தார். அதற்குத் தடை எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. நாலு பேர் சர்வரையும் திரையையும் தூக்கி வந்து வாழை இலை ஓரம் வைத்து, வயர்களை இழுத்து மாட்டினோம். ஷாரோனே பொரியை ஒதுக்கிவிட்டு எஃப் ஒன்னை அழுத்தினாள். சர்வர் முனகிக்கொண்டே எழுந்தது. லேபிள் வந்தது, லோடு கிளம்பியது.

"அணைச்சா மறுபடி எழுந்துக்குமோ என்னமோ, காலம்பற வரைக்கும் இது இங்கயே ஓடட்டும். ஆனா பக்கத்துல ஒருத்தர் இருக்கணுமே" என்று ஸ்ரீவத்ஸன் பகலவனைப் பார்த்தார். அந்த அசடும் காவலிருக்க நாற்காலியை இழுத்தது.

ஷாரோன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படத்தைக் காட்டினாள். "அதான் சரஸ்வதியே பக்கத்துல கீறாங்களே சார். அவங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டரா?"

பக்திமான் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருவரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.